தணிகைவேல் படித்துக் காட்டிய அர்ஜி

எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸ் வாசலில் தணிகைவேல் மேசை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஆந்திராவில் நகரிப் பக்கத்து நெசவு ஜனம் பேசுவது தமிழ், அரசாங்கத்துக்குக் கொடுக்கும் காகிதமோ தெலுங்கு. நடுவில் இருந்தவர் இவர். அர்ஜி, அதாவது மனு, எழுதி முடித்ததும் வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்குவார். அதனாலேயே ஊரில் அவருக்கு நல்ல பெயர். நல்ல பெயர் என்ன, கடையிலா விற்கிறது? கிடைத்ததை அந்த மனுஷன் தானே கெடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரண்ட் கட்டணம் ஏறியது. விசைத்தறிக்காரர்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள், போலீஸ் லத்தியை எடுத்தது. தறிகளுக்குப் பாவு நூல் பிணைத்துப் பிழைக்கிற கன்னிகாவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு தணிகைவேலிடம் வந்தாள். கலெக்டருக்கு அர்ஜி கொடுக்க வேண்டும் என்றாள்.

"கீழ விழுந்தப்புறமும் அந்த இன்ஸ்பெக்டரு வுடல அண்ணா. நின்னுக்கினு அடிச்சாரு. அதை அப்படியே எழுதுங்க."

அவர் பேனாவை எடுக்கும்போது இன்ஸ்பெக்டரின் ஆள் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனான். அடித்ததாக எழுதினால் நாளைக்கு இந்த வாசலில் மேசை இருக்காது.

மேசை போனால் தணிகைவேலுக்குப் பிழைப்பு ஏது? 'கூட்ட நெரிசலில் தவறி விழுந்து கை முறிந்தது' என்று தெலுங்கில் எழுதினார். ஆனால் படித்துக் காட்டும்போது லத்தி, இன்ஸ்பெக்டர் பெயர் என்று அவள் சொன்னதையே தமிழில் சொன்னார். அவளும் தலையாட்டிக்கொண்டு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். சீ, சொல்லவே வாய் கூசுகிறது. அதற்கப்புறம் தெருவில் அவளைக் கண்டால் அடுத்த சந்தில் நுழைந்துவிடுவார்.

போன மாதம் சித்தூரில் மனித உரிமை விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கன்னிகா நேரே தணிகைவேல் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"எழுதுனவரு நீங்க. நீங்களே கூட வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்ணா."

மாட்டேன் என்று சொல்ல முடியாமல் அவரும் கூடப் புறப்பட்டார். பஸ்ஸில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னுங்கண்ணா" என்று நீட்டினாள். பசியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீதிபதி பழைய அர்ஜியை எடுத்து அவர் கையில் கொடுத்து, அந்தம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். பக்கத்தில் தாட்சாயணி என்ற பெண் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் இன்னொரு தடவை மாற்றிப் படித்தால் கன்னிகா ஆமாம் என்பாள், அவர் மானம் தப்பிக்கும். கூடவே இன்ஸ்பெக்டரும் தப்பித்துவிடுவார். தணிகைவேல் காகிதத்தில் இருந்ததையே படித்தார்.

கன்னிகாவுக்கு முதலில் புரியவில்லை. "நான் இப்படிச் சொல்லலியே அண்ணா" என்றாள்.

அதையும் தெலுங்கில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. சொன்னார். அப்படியானால் இதை எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார்.

"நேனே சார்", நான்தான், என்றார். தலை குனிந்தபடியே, மிரட்டியது யார், அவன் யார் சொல்லி வந்தான் என்பதையும் சொன்னார். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

அதை எழுதிக் கொடுக்கும்படி நீதிபதி காகிதம் தந்தார். தெலுங்கில் இரண்டு பக்கம், எதையும் மறைக்காமல் எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கப்படி கன்னிகா பக்கம் திரும்பிப் படிக்க ஆரம்பித்தார்.

"நீங்க வேணாம்" என்றாள்.

காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தாட்சாயணியிடம் நீட்டினாள்.

"உனக்குத் தமிழ் வருமாம்மா? இதுல என்னா எழுதிக்கீதுன்னு நீ படிச்சுச் சொல்லு."