பன்னிரண்டு கும்பிடுகள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். விருத்தாசலம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். மடியில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே வெறும் வைக்கோல். திரும்பும்போது அதில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கே சட்டம் செய்த சபையின் உறுப்பினர்கள், ஆளுக்கு அரையடி உயரத்தில்.

நான் வரலாற்று ஆசிரியை. திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சி. போன வருடம் எங்கள் கோட்டை மாதிரியில் ஒரு பீரங்கி அந்தக் காலத்துக்கு உரியதல்ல என்று நடுவர் ஒதுக்கிவிட்டார். என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இந்த முறை குண்டூசி அளவு பிழைகூட இருக்கக்கூடாது என்று 1861ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தோம். சட்டம் இயற்றும்போது கவர்னர் ஜெனரலின் சபையில் ஆறு முதல் பன்னிரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்கலாம். பதவி இரண்டு வருடம். பாதிப்பேராவது அரசு உத்தியோகத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். எல்லோரையும் அவரே நியமிப்பார். ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கண் சொருகியது. எதிர் சீட்டில் தலைப்பாகைகளும் கோட்டுகளுமாக அவர்கள் உட்கார்ந்து கரும்புத் தோட்டங்களை வேடிக்கை பார்த்தார்கள். எந்த ஊர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விழித்தபோது விருத்தாசலம் ஜங்ஷன். எதிர் சீட்டில் ஒரு கீரைக்கட்டு மட்டும் இருந்தது.

ஒன்பதே கால் மணி. ஷேர் ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்ததுமே கேட்டார்.

"பொம்மைக்கா வந்தீங்க? எந்த சாமிங்க?"

"சாமி இல்லீங்க, சட்டசபை."

"அதையும் கொலுவுல வைக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றவர், வழி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

பீங்கான் பட்டறைக்குள் நுழைந்தால் பேச்சுகூட மெதுவாகத்தான் வருகிறது. தரை, சுவர், மின்விசிறி, வேப்பமரத்து இலை எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். முற்றத்தில் முகம் எழுதாத பிள்ளையார்களும் மாப்பிள்ளைகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் தூக்கம் கலையவில்லையோ என்று தோன்றியது.

பொம்மை செய்யும் செல்வியோடு அதுவரை போனில் மட்டுமே பேசிப் பழக்கம். நாற்பது வயது, முழங்கை வரை வெள்ளை. துணியை விலக்கி, "பாருங்க டீச்சரு" என்றார்.

தலைப்பாகை சரி. கோட்டு சரி. சரிகைக் கரை அவ்வளவு நேர்த்தி. ஆனால் பன்னிரண்டு பேரும் கை கூப்பிக் கும்பிட்டபடி நின்றார்கள்.

"கையைத் தொங்கவிட்டுத்தானே படம் அனுப்பினேன்?"

"ஆமாங்க. படத்துல கும்புடு போட மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். வரவேற்புப் பொம்மைக்கு அச்சுல ஊத்தி வச்ச கை இருந்துது, எடுத்து ஒட்டிட்டேன். சபைக்குப் போறவங்க கும்புடாம எப்புடிங்க போவாங்க?"

"இவங்க யாரையும் கும்பிடவே இல்லைங்க. ஓட்டே கிடையாது. மேலே இருந்தவர் கூப்பிட்டார், போய் உட்கார்ந்தாங்க."

செல்வி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் வார்டு மெம்பராக இருந்தவராம்.

"நானு எங்க தெருவுல ஒரு வூடு வுடாம கும்புட்டேங்க. தோள்பட்டை வலி எடுத்துடுச்சு. பதவி முடிஞ்சும் தெரு வெளக்கு எரியலன்னா என்னாண்டதான் வராங்க. இவுங்களுக்கு எத்தினி வருசம்?"

"இரண்டு."

"ரெண்டு வருசமும் ஒருத்தர்கூட வந்து கேட்டிருக்க மாட்டாங்களே" என்றார். அதில் பொறாமை இல்லை, பரிதாபம் இருந்தது.

மாற்றிச் செய்ய முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சூளையில் சுட்டு ஆறவே இரண்டு நாள் ஆகும் என்றார். அதற்குள் கண்காட்சி தொடங்கிவிடும். கையை உடைத்தால் மார்பும் சேர்ந்து உடையும். என் பெண்களின் முகங்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. நிச்சயம் அழுதிருப்பேன், அதற்குள் மூக்கில் வெள்ளைத் தூள் ஏறித் தும்மல் வந்துவிட்டது.

செல்வி உள்ளே போய் இன்னொரு பொம்மையோடு வந்தார். எந்தச் செட்டுக்கும் ஒன்று கூடுதலாகச் சுடுவது அங்கே வழக்கம், உடைந்தால் மாற்றிக்கொள்ள. இதற்கு வண்ணம் இல்லை, முகம்கூட எழுதவில்லை. கை இரண்டும் சும்மா தொங்கின.

"கும்புடுற கை தீந்துபோச்சு, இதுக்கு சாதாக் கைதான் வச்சேன். இவர அவுங்களுக்கு எதுத்தாப்புல நிக்க வைங்க டீச்சரு. கும்புட்டா எதிர்ல ஆளு வேணுமில்ல."

பதின்மூன்று பேரையும் வைக்கோலில் படுக்கவைத்தோம். "மறுபடி எலெக்ஷன்ல நிப்பீங்களா?" என்று வாசலில் கேட்டேன். "தேதி சொல்லட்டுங்க" என்று தோளை நீவிக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் போன வருடத்து அதே நடுவர் வந்தார். "இது தவறாயிற்றே, இவர்கள் யாரைக் கும்பிட்டார்கள்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் என் மாணவி ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"யாரையும் கும்பிடலைங்கய்யா. கும்பிட்டிருக்க வேண்டிய ஜனம் யாருன்னு காட்டத்தான் இவர் எதிர்ல நிக்கிறார். இவருக்கு அப்போ ஓட்டு இல்லை."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். மெல்லக் குனிந்து, முகமில்லாத அந்த வெள்ளைப் பொம்மையின் உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்து, அங்கிருந்து பார்த்தார். பன்னிரண்டு பேரும் அவரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் நிமிர வெகுநேரமாயிற்று.