மென்று துப்பிய அரிசி

ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் பச்சரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசி கொடுத்தால் நான் வாங்கி, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து கோழிக்குப் போட்டுவிடுவேன். "தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்துட்டு அரிசியப் பாத்துக் குமட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி. வேகவைத்த சோறு என்றால் மலையளவு தின்பேன், அதற்கு என் தொப்பையே சாட்சி. பச்சரிசியை வெறும் வாயில் மெல்லுவதுதான் ஆகாது. காரணம் ஒரு சீனத்துச் சாமி.

அப்போது நான் திருவிடைமருதூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். மேடைக்கு மேடை பகுத்தறிவு பேசிய ஆட்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் இன்ஸ்பெக்டரும் பகுத்தறிவுக்காரர். ஸ்டேஷனில் சாமி படம் இருக்கக் கூடாது என்று ஏட்டய்யா மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றச் சொன்னவர். அப்படிப்பட்டவர்தான் சீனத்துச் சாமியை ஜீப் அனுப்பிக் கூட்டிவருவார். கேட்டால், "இது சாமி இல்லய்யா, தாவோ. சீனாக்காரன் கண்டுபிடிச்ச சயின்சு" என்பார்.

சீனத்துச் சாமி சீனாக்காரர் இல்லை, கும்பகோணத்துக்காரர். சின்ன வயதில் பினாங்குக்குப் போய், ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, பக்கத்திலிருந்த சீனக் கோவிலில் ஒரு தாவோ பூசாரிக்கு எடுபிடியாக இருந்து வித்தை கற்றுக்கொண்டதாகச் சொல்வார். வேட்டிக்கு மேல் முடிச்சுப் பொத்தான் வைத்த கறுப்புச் சீனச் சட்டை. கையில் ஒரு மரக்கத்தி, மஞ்சள் தாள் கட்டு, சிவப்பு மை. தாளில் கோழி கிளறிய மாதிரி எழுதி, அதை எரித்து, புகையைப் பார்த்துக் களவு போன பொருள் எங்கே என்று சொல்வார். காணாமல் போன மாட்டுக்கும், மோட்டாருக்கும், ஒரு வாத்தியார் சைக்கிளுக்கும் அவர் சொன்னது ஒன்றே: "தண்ணிக்குப் பக்கத்துல இருக்கு." எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லாத பொருள் எது? ஒவ்வொரு முறையும் பலித்தது.

அந்த வருடம் எங்கு பார்த்தாலும் நிலத் தகராறு. உழுகிறவன் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிந்துவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. பெரிய மிராசுதார் ஒருவரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த காலனித் தெரு ஆள் ஒருவர் தைரியமாகப் போய்ப் பதிந்துவிட்டார். அறுவடை முடிந்து நெல் களத்தில் அம்பாரமாகக் கிடந்தது. இனிமேல்தான் பங்கு பிரிக்க வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் அம்பாரம் கணிசமாகக் குறைந்திருந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் வந்து, உழுதவன்தான் திருடினான் என்று புகார் கொடுத்தார். ஆளைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் உட்காரவைத்தோம்.

நிலத்தை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லை, இல்லாவிட்டால் ஜெயில். இதைக் காரியஸ்தர் என் காதில் விழும்படியே உழுதவரிடம் சொன்னார். அந்த மனிதர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "முத்திர கலையலங்க. அவுங்களே சொல்றாங்கல்ல, கலையலன்னு. அப்பறம் நான் எப்புடிங்க எடுத்தேன்?"

பங்கு பிரிக்கும்வரை நெல் அம்பாரத்தைச் சும்மா விடமாட்டார்கள். மேலே சாணிப்பாலால் கோடு இழுத்து, அங்கங்கே ஈர மண்ணை அப்பி, அதில் எழுத்து வெட்டிய மரக் குறிக்கட்டையால் முத்திரை குத்துவார்கள். ஒரு கை நெல்லை அள்ளினாலும் சரிந்து காட்டிக் கொடுத்துவிடும். கட்டை மிராசுதார் வீட்டு ஆளிடம்தான் இருக்கும். காரியஸ்தரோ, "முத்திர அப்புடியே இருக்குங்க ஐயா. அவ்வளவு கைகாரப் பய" என்று பெருமையாக வேறு சொன்னார். இன்ஸ்பெக்டரின் அப்பாவும் விவசாயிதான், அவருக்கும் இது தெரியும். ஏட்டய்யாவுக்குத் தெரியும். வாசலில் நின்ற நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் களத்துப் பக்கம் போகாமல் ஜீப்பைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார்.

சாமி வரும் முன்பே உத்தரவு வந்தது: சோதனைக்கு உட்படுகிறவர்கள் காலையிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும். உழுதவரின் மனைவி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வாசல் பூவரச மரத்தடியில் நின்றாள். உள்ளே விடவில்லை. காரியஸ்தர் எதிர்க் கடையில் இட்லியும் காப்பியும் முடித்துவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

சாமி வந்தார். மணி அடித்தார். மஞ்சள் தாளை எரித்து அந்தச் சாம்பலைப் பச்சரிசியில் பிசைந்தார். அதை மென்று இலையில் துப்ப வேண்டுமாம். திருடனுக்குப் பயத்தில் வாய் உலர்ந்துவிடும், அரிசி காய்ந்தபடியே விழுமாம். முதலில் ஒரு குற்றமற்றவர் மென்று காட்ட வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"வாய்யா. ஒனக்குத்தான் எந்நேரமும் வாய் ஓயாதே."

எரிந்த காகித வாடை, சாமியின் விரல் ஈரம், அதன் மேல் ஏதோ நல்லெண்ணெய். வாயில் போட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பினேன். சுண்ணாம்புப் பொடி மாதிரி விழுந்தது.

"அடப்பாவி, நீதான்யா திருடன்!" என்று இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. "இவருக்கு ஒடம்புல ஏதோ கோளாறு. கணக்குல சேத்துக்க வேணாம்" என்றார்.

அடுத்தது, புகார் கொடுத்தவர் என்ற முறையில் காரியஸ்தர். வெற்றிலையோடு வெற்றிலையாக அரிசியை மென்று பெஞ்சின் மேல் விரித்திருந்த இலையில் துப்பினார். இலை நிரம்பிச் சிவப்பாக வழிந்தது. சாமி அதில் விரலை விட்டு உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், "நல்ல ஈரம். சுத்தமான மனசு" என்றார். எனக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பித் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

உழுதவருக்கு இலை தரையில் போடப்பட்டது. சாமி அரிசியை எட்டி நின்று அவர் கையில் உதிர்த்தார். அவர் வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"துப்புடா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் வாயைத் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை.

"முழுங்கிட்டேங்க. பசி. மென்னா தானா உள்ள போயிருதுங்க."

"தடயத்தையே முழுங்கிட்டான் பாருங்க ஐயா!" என்று காரியஸ்தர் துள்ளினார். சாமியும் கண்ணை மூடி, "குத்தத்த உள்ளுக்குள்ள மறைக்கிறான்" என்றார்.

"இன்னொரு பிடி குடுங்க சாமி, துப்பிர்றேன்" என்றார் அவர். கொடுத்தார்கள். அதையும் விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி தூக்குவாளியை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் விவசாயச் சங்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் கூடியிருந்தார்கள். காரியஸ்தர் புதிதாக ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்து தயாராக எழுதிவந்த காகிதத்தை எடுத்து, ரேகை உருட்ட மைப்பெட்டி கேட்டார்.

எனக்கு வீரமெல்லாம் கிடையாது. குமட்டல் வந்தால் வாய் தானாகப் பேசும், அவ்வளவுதான்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றேன். "முத்திர கலையாம நெல்லெடுக்கணும்னா ஒண்ணு, சீனத்துச் சாமி வந்து மந்திரத்துல எடுத்திருக்கணும். இல்ல, குறிக்கட்டய கையில வச்சிருக்கவரு எடுத்துட்டு மறுபடி குத்தியிருக்கணும். சாமி அன்னிக்கி ஊர்ல இல்ல."

முதலில் ஏட்டய்யாதான் சிரித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் யாரோ, "ஐயா, கட்ட எங்க இருக்குன்னு கேளுங்க!" என்று கத்தினார்கள். அத்தனை பேர் காதில் விழுந்த பிறகு இன்ஸ்பெக்டரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கட்ட யாருகிட்டய்யா இருக்கு?"

காரியஸ்தரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. "எங்கிட்டதாங்க... எப்பவும் எங்கிட்டதான் இருக்கும். ராவுல கூட அவுக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. வாய் திறந்தபடி நின்றது, ஓரத்தில் சாறு வழிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. சீனத்துச் சாமி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்த மாத்திரத்தில், மரக்கத்தியைக் காரியஸ்தர் பக்கம் திருப்பினார். "வெத்தலயத் துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு, மறுபடி மெல்லச் சொல்லுங்க." காரியஸ்தர் மென்றார். காய்ந்த அரிசி பொலபொலவென்று விழுந்தது. "நான் சொல்லல?" என்றார் சாமி. கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே வாய்தான் சுத்தமான மனசு என்றது.

"எலி தின்னுருக்கும்ங்க ஐயா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று காரியஸ்தர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு போனார். எலிகளும் முத்திரை குத்தக் கற்றுக்கொண்ட காலம். அவர் மேல் கேஸ் போடுவதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. இன்ஸ்பெக்டர் சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியாய்யா, தாவோ எப்புடி உண்மைய வெளிய கொண்டாந்துச்சு!" என்று என்னிடமே சொன்னார். சாமி ஜீப்பில் ஏறும்போது என்னை அருகில் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க வாய் ரொம்ப வறட்சி. சக்கர இருக்கான்னு பாத்துக்குங்க."

இலைகளை அப்புறப்படுத்துவது என் வேலை. சிவப்பு வழிந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவன், அதோடு என் காலைச் சாப்பாட்டையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். பூவரச மரத்தடியில் உழுதவர் தூக்குவாளிக்குள் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, ஒரு வாய் சாப்புடுங்க."

"கை கழுவிட்டு வரேன்" என்றேன். பைப்படியில் எவ்வளவு தேய்த்தும் வாடை போகவில்லை. நான் திரும்புவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த அறுவடைக்குத் தகராறு வந்துவிடக் கூடாது என்று அதே களத்துக்கு என்னைக் காவலுக்குப் போட்டார்கள். அம்பாரத்தில் இம்முறை இரண்டு முத்திரைகள். உழுதவர் தனக்கென்று ஒரு கட்டை செய்து வைத்திருந்தார். அதை அவரே குத்தினார். காரியஸ்தர் வெற்றிலையோடு வந்து, வழக்கம்போல் நின்ற இடத்திலேயே உதட்டைக் குவித்தார்.

"தள்ளிப் போயித் துப்புங்க. நெல்லு கெடக்குல்ல" என்றார் உழுதவர்.

காரியஸ்தர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் வாய் நிறைய எச்சிலோடு வரப்பேறி, நடந்து, வாய்க்கால் தாண்டிப் போய்த் துப்பினார்.