மீன் தொடாத நேர்ச்சை

அம்மா என்னை எப்போதும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், துறைமுகத்தில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, "வாங்க தம்பி, இங்கன உக்காருங்க. எம்மவன் தோணியில கொழும்புக்குப் போயிருக்கான். இப்ப வந்துருவான்" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் தோணியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைசிப் பயணத்தில் புயலில் பாய் கிழிந்து, திசை தப்பி, செத்தான் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு கரை சேர்ந்தவன் நான். அந்த நாட்களில் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். மகன் உயிரோடு வந்தால் சாகும்வரை மீன், கறி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்று. எங்கள் கடற்கரையில், ஈஸ்டருக்கு முன்னால் கறி ஒதுக்கும் நாற்பது நாள் தபசு காலத்துக்கே மூக்கால் அழுகிறவர்கள் உண்டு. இவள் வருஷம் முழுவதையும் தபசு காலம் ஆக்கிக்கொண்டாள். எனக்குச் சீலா மீன் குழம்பு வைத்து ஊற்றிவிட்டு, தான் துவையல் சோறும் கடுங்காப்பியுமாகக் காலம் தள்ளினாள்.

பிறகு கால் மரத்துப்போகிறது என்றாள். நாக்கு எரிகிறது என்றாள். உலையை வைத்துவிட்டு மறந்தாள். வயசாகிவிட்டது என்றார்கள், நானும் தலையாட்டினேன். அறுபதைத் தொடாத பெண்ணுக்கு அப்படி என்ன வயசு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையே தெரியவில்லை என்ற பிறகுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த, நாசரேத்து ஊர்ப்பக்கத்து டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்திருந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அம்மா தள்ளாடினாள், நான் பிடித்துக்கொண்டேன். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நேர்ச்சையைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தையும் பரிசோதித்தபின், "இது வயசு மறதி இல்ல. பி12ங்கிற வைட்டமின் கொறஞ்சு நரம்பும் மூளையும் வாடிப்போச்சு. காய்கறில அது கெடைக்காது. ஊசி போட்டாத் தெளியும். எவ்வளவு தெளியும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று ரத்தத்தில் ஏறுமாம், இப்போதெல்லாம் அதையும் பார்க்கிறார்களாம். அன்றைக்கு அவருக்கு நாக்கும் காலும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையும் சொன்னதே போதுமாயிருந்தது.

மீனும் கொடுத்துப் பாருங்கள் என்றார். நானும் மனைவியும் திருட்டுத்தனமாக ரசத்தில் மீன் சாறு கலந்தோம். ஒரு வாய் வைத்ததும் அம்மா துப்பிவிட்டாள். கடற்கரையில் பிறந்த நாக்கை ஏமாற்றப் பார்த்த எங்கள் புத்தியை என்ன சொல்ல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்காக இந்தப் பிடிவாதம்?" என்றேன்.

"எம்மவனுக்கு நேந்தது, தம்பி. நான் தின்னா அவன் உசுருக்கு ஆவாது. நீங்க கோவிச்சிக்கிடாதீங்க" என்றாள் அம்மா, ரொம்ப மரியாதையாக.

என்னை யாரென்று தெரியாமலே என் உயிருக்குக் காவல் இருந்தாள். கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஊசிதான் வழி என்று ஆயிற்று. மருந்து நல்ல சிவப்பு. அம்மாவுக்கு அதிலும் சந்தேகம். "இதுல மீனு சேந்திருக்கா?"

டாக்டரம்மா சிரிக்காமல், "இல்லம்மா. கிருமில இருந்து எடுக்கது" என்றார். கிருமி நேர்ச்சையில் இல்லை. அம்மா கையை நீட்டினாள்.

முதலில் நாக்கு எரிச்சல் போனது. பிறகு உலை ஞாபகம் வந்தது. கால் மரப்பு மட்டும் கடைசிவரை முழுதாகப் போகவில்லை. மாதாமாதம் அந்த ஊசியும் நிற்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் கால் வைக்கிறேன், உள்ளேயிருந்து குரல்: "ஏலே, சட்டையெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு. கழத்திப் போட்டுட்டுச் சாப்பிட வாலே."

செருப்பைக்கூடக் கழற்றத் தோன்றாமல் நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். "அதான் நான் வந்துட்டேன்லாம்மா. இனியாவது ஒரு துண்டு மீன் சாப்பிடேன்."

"நீ உசுரோடதான இருக்க?"

"இருக்கேன்."

"அப்ப நேர்ச்சையும் இருக்கு" என்று சொல்லி, தட்டில் எனக்கு இன்னொரு துண்டு வைத்தாள்.