கிழியாத சட்டைக்கை

நாலு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் சினிமாவுக்கு உடை தைக்கும் ஊசியக்கா பேசுவார். இடுப்பைச் சுருக்கிப் பிடித்து மூச்சடக்கி நிற்கும் கதாநாயகியிடம், "வயித்த விடும்மா. நூறு வருஷம் முந்தியும் மனுஷங்க மூச்சு விட்டாங்க" என்பார்.

படம் அந்தக் காலத்துக் கதை. மாளிகை வீட்டுப் பெண் குதிரைக்காரனைக் காதலிக்கிறாள். அப்பா அவளை இழுத்துவந்து அறையில் அடைக்கிறார். இழுக்கிற இழுப்பில் சட்டைக்கை தோளோடு பிய்ந்து வரவேண்டும். அதற்காக ஒரே மாதிரி ஐந்து கவுன்கள். தோள்மூட்டில் நாலே நாலு தளர்ந்த தையல்தான் போடவேண்டும். "நிக்கிற மாதிரி யார் வேணா தைப்பாங்க. சொன்ன நேரத்துக்குக் கிழியணும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க" என்பது அவர் பெருமை. இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று அவர் நிமிடத்துக்கொரு தரம் கைபேசியைப் பார்த்தார். மருந்துக்கடையில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொல்லி மூன்று நாளாகிறது. பையன் எப்படிப்பட்டவன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்டார்கள். மறுநாளிலிருந்து மகளை வேலைக்கு விடவில்லை. இன்று நாலு மணிக்குப் பெரியப்பா வந்து அவளைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவார் என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஊசியக்கா வாய் திறக்காமல் வேலைக்கு வந்துவிட்டார். அப்படி வந்ததுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டரைக்குக் காட்சி. அப்பாவாக நடிப்பவர் இழுத்தார். சட்டைக்கை கிழியவில்லை. கவுனை மாற்றினார்கள். இந்தமுறை பல்லைக் கடித்து இழுத்தார். கதாநாயகி தடுமாறி விழுந்தாளே தவிர ஓர் இழை பிரியவில்லை. இயக்குநர் மற்ற கவுன்களையும் புரட்டிப் பார்த்தார். ஐந்திலும் இரட்டை நூலில் நெருக்கமான தையல்.

"என்னக்கா இது, மூட்டை தைக்கிற மாதிரி தைச்சிருக்கீங்க?"

எப்போது அப்படித் தைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இயக்குநர் நல்ல மனிதர். கோபத்தை விழுங்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்துக் கொடுமையைச் சனங்கள் நம்பவேண்டுமானால் கை கிழிந்தே ஆகவேண்டுமாம். "இந்தக் காலத்துல எந்த அப்பன்க்கா இப்படி இழுக்கிறான்?"

ஊசியக்கா மணியைப் பார்த்தார். மூன்று. அங்கேயே நின்று மகளை அழைத்தார்.

"கதவ உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கோ. உங்கப்பா தட்டினாலும் தொறக்காத. நான் வந்துக்கிட்டிருக்கேன்."

கத்தரியை இயக்குநர் கையில் வைத்துவிட்டு, நிறுத்த மறந்து ஓடிக்கொண்டிருந்த கேமராவின் முன்னாலேயே குறுக்கே நடந்து, மாளிகையின் அட்டைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியேறினார்.