ஜெபப்புத்தகத்தில் ஒரு கோலி

ஐம்பத்திரண்டு வயதில், சொந்த அக்கா மகளின் திருமணத்தில், முட்டம் கோயிலின் முன்வரிசையில் நின்றபடி, பாட்டுப்புத்தகத்துக்குள் கைபேசியை ஒளித்துவைத்து ஒரு பபிள்கம் அட்டையை ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். பங்குச் சாமியார் மணமகளிடம் சம்மதமா என்று கேட்டார். அவள் சம்மதம் என்றாள். அதே நொடியில் எனக்கும் கிடைத்துவிட்டது. என் கண்ணில் வழிந்த நீரைத் தாய்மாமன் பாசம் என்று ஊரே நினைத்துக்கொண்டது.

பத்து நாளில் அட்டை வந்தது. உறையைக் கிழித்ததும் முதலில் மோந்துதான் பார்த்தேன். விற்றவரிடம் அதே அட்டையில் இரண்டு இருந்தன. ஒன்று முனை மழுங்காமல் நேற்று அச்சடித்ததுபோல, மற்றொன்று முதுகில் பபிள்கம் ஒட்டிய பழுப்புக் கறையோடு. விவரம் தெரிந்த சேகரிப்பாளன் முதலாவதை எடுப்பான். நான் கறையை எடுத்தேன். ரப்பரும் சீனியும் மாவும் கலந்த அந்த வாசத்தின் மிச்சம் அதில் இருக்கும் என்று நம்பினேன்; இருந்தது, அல்லது இருந்ததாக மூக்கு பொய் சொன்னது.

அந்த நாட்களில் அந்த வாசம் எங்கள் தெருவுக்கு வளைகுடாவிலிருந்துதான் வரும். பிலோமி அத்தையின் வீட்டுக்காரர் அங்கே வேலையில் இருந்தார்; ஊருக்கு வருகிறவர்களிடம் அவர் கொடுத்துவிடும் பொதிகளில் சோப்புக்கும் கைலிக்கும் இடையே "கல்ப் மிட்டாய்" இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பந்தாட்டக்காரனின் படம் இருக்கும். எங்கள் சட்டம் எளிமையானது: ஒருத்தனுக்கு ஒரு நாடு. கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டால் பிறகு மாற முடியாது. நான் மூச்சுவாங்க ஓடிப்போய் முதல் ஆளாகத் தொட்டு "பிரேசில்" என்று கத்தினேன். அவர்களின் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த மஞ்சள் சட்டைதான் காரணம். அத்தை மகன் செல்வன் அர்ஜென்டினாவை எடுத்தான்.

செல்வன்தான் எங்கள் தலைவன். தன் நாட்டு அட்டைகளில் பதினோரு பேரை முதலில் சேர்ப்பவன் திருவிழாவில் பக்கத்து ஊரோடு நடக்கும் "பந்துகளி"யில் முன்வரிசையில் ஆடலாம் என்று அவனே அறிவித்தான். எவனும் சேர்க்கப்போவதில்லை என்ற தைரியம். பந்து என்னைக் கண்டாலே வழி விலகிப் போகும். திறமையால் அந்த அணிக்குள் நுழைய எனக்கு ஏழு ஜென்மம் வேண்டும். அட்டையால் நுழையலாம் என்றபோது தூக்கம் போயிற்று. புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பட்டம் என்று இருந்த சொத்தையெல்லாம் கொடுத்து மாற்றி, திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் பவுடர் டப்பாவுக்குள் பத்துப் பிரேசில்காரர்களை அடைத்துவிட்டேன்.

பதினோராவது ஆள் பிலோமி அத்தையின் ஜெபப்புத்தகத்தில் இருந்தார்.

அவர் கோல்கீப்பர், எங்கள் மொழியில் "கோலி". தோள்வரை முடி, தாடி. படத்துக்கு வெளியே எங்கோ உயரத்தில் வரும் பந்தை நோக்கி ஏறிட்ட கண்கள், ஆசீர்வதிப்பதுபோல் விரிந்த இரண்டு கையுறைகள், தலைக்குப் பின்னால் மைதானத்து விளக்கின் வெளிச்ச வட்டம். அந்தோணியாருக்கும் சவேரியாருக்கும் நடுவே வைத்து அத்தை அவரைத் தினமும் ஜெபமாலை முடிந்ததும் முத்தமிட்டாள். மறைக்கல்வி வகுப்பில் பரிசாக வாங்கிய மூன்று புனிதர் படங்களைக் கொண்டுபோய், மூன்றுக்கு ஒன்று என்று பேரம் பேசினேன்.

"புண்ணியாளருக்கு மாத்துக் குடுக்கப்பிடாதுலே" என்றாள் அத்தை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எடுத்துவிட்டேன். அவர் இடத்தில் ஒரு செபஸ்தியாரை வைத்தேன். பதினோரு பேரையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது நெஞ்சு தவில் அடித்தது. அந்தச் சந்தோஷம் ஜெபமாலை வரைக்கும்தான். புத்தகத்தைத் திறந்த அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். தன் பாவத்துக்குப் புனிதர் இறங்கிப் போய்விட்டார், கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்கு இனி யார் துணை என்று அழுதாள். செல்வனும் கண்ணைத் துடைத்தான். முன்வரிசை ஆட்டக்காரனான நான், கோலியைப் புத்தகத்துக்குள் திரும்ப நுழைத்துவிட்டு, மறுநாள் ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தேன். எங்கள் ஊர் ஜெயித்தது.

இப்போது நாங்கள் ஆடிய மணல்திட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. பந்து உருண்ட இடத்தில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். வளைகுடாவில் கிடைக்கிற மிட்டாய் எல்லாம் நாகர்கோவில் கடையிலேயே தொங்குகிறது, உள்ளே படம் இல்லாமல்.

போன ஞாயிறு, ஏலத்தில் எடுத்த அந்தக் கோலி அட்டையை எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்து மூன்று வயது. பழைய கோலி எப்போதோ செல்லரித்துப் போய்விட்டாராம். திருட்டை ஒப்புக்கொண்டேன், அவர் புனிதர் அல்ல, பந்தாட்டக்காரர் என்ற உண்மையையும் பக்குவமாகச் சொன்னேன். அத்தை அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கோலின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. செல்வன்தான் கொண்டாந்து, புண்ணியாளர்னு சொல்லி ஒளிச்சு வைக்கச் சொன்னான்."

அப்படியானால் அந்த அழுகை என்று கேட்டேன்.

"அழாம நீ திருப்பித் தருவியா? நீ எறங்கிக் களிச்சா நம்ம ஊரு தோத்துல்லா போவும்."