எலுமிச்சை இலையில் எச்சம்

பிரேக் அக்காவை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்னும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் காலுக்கடியில் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்தபடியே இத்தனை வருடம் உட்கார்ந்ததில், எங்கே எது பிடிக்காமல் போனாலும் அவள் கால் தரையை அழுத்தும். அடுப்பில் பால் பொங்கினால் அழுத்தும். டி.வி.யில் கதாநாயகி தப்பான ஆளை நம்பினால் அழுத்தும். கணவர் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரைக்குக் கை நீட்டினால் மேஜைக்கடியில் தட்டென்று சத்தம் கேட்கும்; அவரும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கையை இழுத்துக்கொள்வார்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். சாதுவான மனிதர். வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டக் கூடியவர்.

சண்டைக்கு வேண்டிய இன்னொரு ஆள் அடுத்த வீட்டில் இருந்தார். கணவருடைய அண்ணன் மனைவி. இவள் அவரைப் பெரியக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில், அந்த மதிலில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. பெரியக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அடுத்தவர்களுக்குப் பேச்சை இணைத்துக் கொடுத்த மனுஷி. அவருடைய கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வேறு ஊருக்குப் போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. சாயங்காலமானால் சின்னக் கதவு திறக்கும், இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். அந்த நேரத்தில் அலசப்படாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

பிரேக் அக்கா ஸ்டீயரிங்கைத் தொட்டதே பெரியக்காவால்தான். சைக்கிளைக் கண்டாலே நடுங்குகிற இளம் பெண்ணாக இவள் இருந்தபோது, இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்க் கத்துக்கோ. இதை நான் பாத்துக்கறேன்" என்று வெளியே தள்ளிவிட்டவர் அவர். முதல் டெஸ்டில் வண்டி நடைபாதையில் ஏறியது. இரண்டாவது டெஸ்டில் ஏறவில்லை, ஏனென்றால் கிளம்பவே இல்லை. கடைசியில் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்த அன்று, பெரியக்கா ஒரு பிஸ்கட் டின்னில் எலுமிச்சைக் கன்று ஒன்றை வைத்து நீட்டினார். "நீ இனிமே ஊரெல்லாம் சுத்துவே. இதாவது நின்ன இடத்துல நிக்கட்டும்" என்றார்.

அது நின்றது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கூரையைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்தது. வியர்க்க விறுவிறுக்க வண்டியிலிருந்து வந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு பழத்தைப் பறித்து, அப்படியே டம்ளரில் பிழிந்து குடிப்பது அவளுடைய ஒரே ஆடம்பரம். மருந்தென்ற பேரில் ஒரு சொட்டு விஷம் அந்த மரத்தில் பட விட்டதில்லை.

அந்த வருடம் மரம் புதிதாகத் தளிர் விட்டபோதுதான் வினை வந்தது. அவளும் ஆசை ஆசையாய் உரம் போட்டுத் தண்ணீரைக் கொட்டினாள். மரமும் தளிர் தளிராகத் தள்ளியது. ஒரு வாரம் போனதும் பார்த்தால் இலைகளில் ஓட்டை. ஓரங்களை யாரோ கடித்து வைத்திருந்தார்கள். சில இலைகளில் நடு நரம்பு மட்டும் குச்சியாக மிச்சம் இருந்தது. வேறு சிலவற்றில் வெள்ளிக் கோடுகள், முதல் நாள் ஸ்டீயரிங் பிடித்தவன் வண்டி ஓட்டின மாதிரி இங்கும் அங்கும் வளைந்து போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, இலைக்கு இலை கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்.

எச்சம் என்றாலே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டிரைவிங் ஸ்கூல் கார் கறுப்பு நிறம். ராத்திரி வீட்டு வாசலில்தான் நிற்கும். காலையில் எழுந்தால் பானெட்டில் இரண்டு பொட்டாவது இருக்கும், அவள் திட்டிக்கொண்டே துடைப்பாள். பெரியக்காவோ மதில்மேல் தானியமும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துப் பறவைகளைக் கூப்பிட்டு உபசரிக்கிறவர். ஒன்றையும் ஒன்றையும் நிதானமாகக் கூட்டினால் இரண்டு வரும். கோபத்தில் கூட்டினால் பதினொன்று வரும். பிரேக் அக்காவுக்குப் பதினொன்று வந்தது.

பறவை இலையைத் தின்னுமா என்று கணவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். பின்னே நானா தின்றேன் என்று அவள் கேட்டதும் அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மதில் அருகே போய் அவள் பேசினது கொஞ்சமல்ல. மரத்தைக் கக்கூஸாக்கிவிட்டார்கள் உங்கள் விருந்தாளிகள் என்றாள். வண்டியைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்துபோச்சு என்றாள். பெரியக்கா தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். வாய் என்கிற வண்டிக்கு மட்டும் அவளிடம் பிரேக் கிடையாது.

"உங்களுக்கு வேற வேலை இல்லையா, பெரியக்கா?"

பெரியக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் சின்னக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்தப் பக்கத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது என்று இவளுக்குப் புரிந்தது. புரிந்தும், போனால் போகட்டும் என்று முறைப்பாக இருந்தாள்.

முறைப்போடு நிறுத்தினாளா? கணவர் பத்திரமாக வைத்திருந்த பழைய பாட்டு சி.டி.க்களை எடுத்து நூலில் கோத்து மரம் முழுக்கத் தொங்கவிட்டாள். வெயிலில் அவை பளபளவென்று சுழன்றதும் பறவைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. கணவர் மரத்தடியில் நின்று, தனக்குப் பிடித்த பாடகர்கள் காற்றில் ஆடுவதைத் துக்கத்தோடு பார்த்தார்.

பறவைகள் போனதும் மரத்துக்கு வேறு விருந்தாளிகள் முன்னைவிடக் கூட்டமாக வந்தன. கறுப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளி வைத்த வண்ணத்துப்பூச்சிகள். தளிர்மேல் ஒரு கணம் உட்காரும், எழும்பும், அடுத்த தளிருக்குப் போகும். பிரேக் அக்கா ஜன்னலில் முகவாயை வைத்துக்கொண்டு அதை ரசித்தாள். கணவர் கையை வீசி விரட்டப் போனபோதுகூட, பாவம், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று தடுத்தாள். அழுக்குப் பண்ணாத, சத்தம் போடாத, மரியாதை தெரிந்த ஜீவன் என்று அதற்கு நற்சான்றும் கொடுத்தாள்.

ஆனால் மரம் தேறவில்லை. நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டே வந்தது. அதைவிட வயிற்றெரிச்சல், ஒரு குருவிகூட வராத மரத்தில் எச்சம் மட்டும் புதிது புதிதாக விழுந்துகொண்டிருந்தது. பெரியக்கா மாடியில் ரகசியமாகத் தீனி வைக்கிறார் என்று இவள் முடிவு கட்டினாள். மூக்குக்கண்ணாடித் திருகை இறுக்கிக் கொடுக்கிற சாக்கில் கணவரைத் துப்பறிய அனுப்பினாள்.

அவர் திரும்பி வந்து, மாடியிலும் கிண்ணம் இல்லை, கீழேயும் இல்லை என்றார். கிண்ணம் அலமாரிக்குள் கவிழ்ந்து கிடக்கிறதாம். பிறகு, "டீ போட்டா இன்னும் ரெண்டு பேருக்குத்தான் போட வருதாம் அவங்களுக்கு. ரெண்டையும் நானே குடிச்சேன்" என்றார்.

அவள் கால் தரையை அழுத்தியது. எதை நிறுத்துவதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

மரம் பிழைக்காது என்று அப்போது முதல்முறையாகத் தோன்றியது. செடி விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரர் மண்டையோட்டுப் படம் போட்ட ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, அடித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்றார். அடித்த பிறகு எப்போது பழம் பறிக்கலாம் என்று கேட்டாள். அவர் கொஞ்ச நாள் ஜன்னலையும் மூடியே வைத்திருங்கள் என்றார். பாட்டிலை அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு, வேப்பெண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் அடிப்பதற்கு முன் இலைகளைச் சுத்தம் செய்யலாமென்று, பானெட் துடைக்கிற அதே துணியை நனைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, முதல் எச்சத்தின்மேல் துணியை வைத்து அழுத்தினாள்.

எச்சம் நெளிந்தது.

அவள் துணியை எடுத்தாள். எச்சத்துக்குத் தலை இருந்தது. அந்தத் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகள் நீண்டன. கூடவே அழுகின எலுமிச்சையும் புளிச்ச ஏதோவும் கலந்தாற்போல ஒரு நாற்றம். பிரேக் அக்கா இரண்டு காலாலும் பிரேக் போட்டாள். சத்தம் கேட்டுக் கணவர் கடைப் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். இது எச்சமே இல்லை, எச்சம் மாதிரி வேஷம் போட்ட குட்டிப் புழு என்றார். எதிரி கண்ணில் படாமலிருக்க எச்சமாகவே உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்தவை பக்கத்துக் கிளையில் இலையோடு இலையாகப் பச்சையாக ஒட்டிக்கொண்டு, விரல் பருமனுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. அதே நேரம் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து, அவள் கண்ணெதிரிலேயே வயிற்றை வளைத்து ஒரு தளிரில் கடுகை விடச் சின்னதாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, மரியாதையாகப் பறந்துபோனது.

கணவர் தொங்குகிற சி.டி.க்களை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். புழு தின்னுகிறவர்களை விரட்டிவிட்டு, புழு பெறுகிறவளை வரவேற்று வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் விளங்கியது.

அன்று முழுக்கப் புழு பொறுக்கினாள். கோடு விழுந்து சுருண்ட தளிர்களை, உள்ளே குடியிருந்த பொடிப் பூச்சியோடு கிள்ளி எடுத்தாள். வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி இலைகளின் அடிப்பக்கமெல்லாம் நனையத் தெளித்தாள். ஆசைக்குத் தண்ணீர் ஊற்றிப் பூச்சிக்கு விருந்தாகத் தளிர் தள்ள வைப்பது இனிமேல் கிடையாது என்று ஹோஸ் குழாயையும் சுருட்டி வைத்தாள். எல்லாம் முடிந்தது. முடியாத வேலை ஒன்று மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

முன்னால் போக யாருக்கும் வரும், ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவன்தான் டிரைவர் என்று அவள் மாணவர்களிடம் கரடியாய்க் கத்துவாள். இப்போது அவளுக்கே கியர் விழவில்லை. சின்னக் கதவுவரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கடைசியில் புழு உட்கார்ந்த இலை ஒன்றைக் காம்போடு பறித்துக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் விலகியது.

இலையை நீட்டினாள். பெரியக்கா அதை எச்சம் என்று நினைத்து முகம் சுளித்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் தொட்டதும் கொம்பு நீண்டது, நாற்றம் வந்தது. பெரியக்கா புழுவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். அவருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் சிரிப்பு துடித்தது, ஆனால் வெளியே வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் பெரியக்கா. பறவைங்களை அநியாயமா திட்டிட்டேன்."

"பறவையைத் திட்டினதுக்கு எனக்கென்ன வந்தது? வேற வேலை இல்லையான்னு கேட்டியே. உள்ள வந்து யோசிச்சுப் பாத்தேன். நிஜமாவே இல்லை."

இத்தனை நாளும் மரம் போய்விடுமோ என்று பயந்த பிரேக் அக்காவுக்கு, போக இருந்தது எது என்று அப்போதுதான் உறைத்தது.

"இப்ப இருக்கு" என்றாள். "எனக்குப் பறவைங்க வேணும். எனக்கு அதுங்களைக் கூப்பிடத் தெரியாது."

மறுநாளே சி.டி.க்கள் இறங்கின. கணவர் ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டார். கிண்ணம் அலமாரியிலிருந்து வெளியே வந்து, எலுமிச்சை மரத்தடியிலேயே உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெரியக்கா உட்கார்ந்தார். ஆனால் அவர் ஒரு சட்டமும் போட்டார். பறவைகளுக்கு ஆள் அடையாளம் தெரியும், உன் தலையைக் கண்டால் ஒன்றும் வராது, நான் சொல்கிறவரை நீ மரத்தடிக்கு வரக் கூடாது என்றுவிட்டார். சொந்த வீட்டிலேயே பிரேக் அக்கா சமையலறைக்குள் சிறை. ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் டீயை நீட்டுவதும், தன் டீயைக் குடித்துக்கொண்டே கிசுகிசுவென்று தெருவை அலசுவதும் மட்டும் அனுமதி. பொறுக்கின புழுக்களில் நாலைந்தைப் பெரியக்கா தன் பக்கம் எடுத்துப்போய், தொட்டியில் முளைத்திருந்த ஒரு எலுமிச்சைக் கன்றில் விட்டார். நீ வெறுக்கிறதையெல்லாம் நான் வளர்க்கிறேன், இரண்டு வீட்டுக்கும் சரியாகப் போகட்டும் என்றார்.

கொஞ்ச நாள் ஒரு சிறகும் வரவில்லை. பெரியக்கா அசரவில்லை. மரத்தில் புதிதாக வந்த தளிர்களில் ஓட்டை குறைந்திருந்தது, ஆனால் அதற்குக் காரணம் எண்ணெயா, புழு பொறுக்கின தன் விரலா என்று பிரேக் அக்காவுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பழம் பறிக்க ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினவள், எதிரிலிருந்த இலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றைப் பார்த்தாள். விரலால் மெல்லத் தொட்டாள். நெளியவில்லை. கொம்பு நீளவில்லை. விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"பெரியக்கா, எச்சம்" என்றாள். "நிஜ எச்சம்."

பெரியக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். விடியற்காலையிலேயே ஒரு ஜோடி வந்து பச்சைப் புழுவைக் கொத்திக்கொண்டு போனதாகவும், நீ எழுந்து ஓடி வருவாயே என்றுதான் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு ஜன்னல் கம்பி வழியாக இவள் விரலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

வாசலில் கறுப்புக் கார் பானெட்டிலும் இரண்டு பொட்டு இருந்தன. பிரேக் அக்கா துணியைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், மறுபடி டிக்கியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். அன்றைக்கு முதல் வகுப்புக்கு வந்த பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும், பானெட்டில் அழுக்காக இருக்கிறதே அக்கா என்று பயந்து பயந்து சொன்னாள்.

"எங்க வீட்டு ஆளுங்க" என்றாள் பிரேக் அக்கா. "நீ ரோட்டைப் பாரு."