‘தேவையற்றவை’ என்னும் கோப்பு

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையை ஒட்டிய மாடியறை ஒன்றில் எங்கள் வானொலி இயங்குகிறது. கைபேசியில் மட்டுமே கேட்கக்கூடிய சிறிய வானொலி. குப்பை அள்ளுபவர்கள், மீன் விற்கும் பெண்கள், ஆலைப் புகையில் இருமுகிறவர்கள் எல்லோரும் தங்கள் குறையைத் தங்கள் வாயாலேயே சொல்வதற்கென்று தொடங்கப்பட்டது. பக்கத்துக் கிடங்கில் தகடு இறக்கும்போதெல்லாம் அவர்கள் பேச்சு நின்றுவிடும். சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தோம். தகடு அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே, பதிவிலிருந்து இரைச்சலை நீக்கும் பணி என்னிடம் வந்தது.

நான் இலக்கியம் படிப்பவள். மாலையில் மட்டும் வருவேன். ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்தால் எனக்குப் பேச்சு வராது. ஆனால், பிறர் பேச்சின் நடுவே புகுந்த இருமலையும் நாய்க்குரைப்பையும் பிசிறின்றி எடுத்துவிடுவேன். வகுப்பில் பழைய சுவடிகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு பார்த்துப் பழகியது காதிலும் தொற்றியிருந்தது. எடுத்ததை அழிக்க மாட்டேன். எல்லாத் துண்டுகளையும் தேதிவாரியாகச் சேர்த்து, ‘தேவையற்றவை’ என்று பெயரிட்ட கோப்பில் வைத்திருந்தேன்.

திருவொற்றியூரில் ஆப்பக்கடை நடத்தும் அக்கா ஒருவர் எங்களிடம் பேச வந்தார். அவருடைய சந்து, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் போய் முட்டுகிறது. கன்டெய்னர் லாரிகள் அந்த முனையில்தான் வரிசைகட்டி நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் ஹாரன் அடிக்கும். அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரறை வீடு, அதன் ஒரே சன்னல் சாலையைப் பார்த்தது. தேர்வு முடியும்வரை, மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை, சந்து முனையில் லாரி நிற்கக் கூடாது. அவர் கேட்டது இவ்வளவுதான்.

“பொண்ணு காதுல பஞ்ச வச்சிகினு படிக்கிது. சாப்ட கூப்ட்டா கேக்கல, ஹாரன் மட்டும் கேக்குது. இன்னா பஞ்சோ!” என்றார்.

அவர் கடையிலேயே இருபது நிமிடம் பதிவு செய்தோம். பிறகு நான் இரண்டு மாலைகள் உழைத்து, அதிலிருந்த ஒவ்வொரு ஹாரனையும் நீக்கினேன். அக்காவின் குரல், கழுவி வைத்த கண்ணாடி டம்ளர்போல் தெளிந்து நின்றது. என் தொகுப்புகளில் அதுவே சிறந்தது என்று கருதினேன்.

ஒலிபரப்பான மறுநாள், அக்கா அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் அதிகாரியிடம் போனார். அதிகாரி கண்ணை மூடி, முழுவதையும் கேட்டாராம். பிறகு, “எவ்ளோ அமைதியான தெரும்மா! எங்க ஏரியாகூட இப்படி இல்ல” என்று பெருமூச்சு விட்டாராம்.

அக்கா நேரே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

“யாரும்மா ஹாரன தொடச்சது?”

நான் கையை உயர்த்தினேன். வகுப்பில்கூட நான் உயர்த்தியதில்லை.

“நல்லா தொடச்சிக்கீற. எங்க வூட்டு ஆப்பச்சட்டியகூட நான் இப்டி தேய்ச்சதில்ல. நான் சொன்னதுக்கு சாட்சியே அந்த ஹாரன்தாம்மா. சாட்சிய தொரத்திவுட்டுட்டு கேஸு போட்டா ஜெயிக்குமா?”

“மன்னிச்சிடுங்கக்கா. இரைச்சல்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

“இரைச்சல்தான்! அத்ததான இருவது நிமிசமா சொல்லிகினு இருந்தேன்!”

மறுபதிவு செய்வதென்று முடிவாயிற்று. அடுத்த மாலை ஒலிவாங்கியுடன் சந்து முனையில் நின்றேன். முதல் லாரியின் ஓட்டுநர் என்னைக் கண்டதும் கீழே குதித்து, பின்வரிசையை நோக்கிக் கத்தினார்: “ரேடியோகாரங்க வந்துக்கீறாங்க! ஒர்த்தனும் ஹாரன் அடிக்கக்கூடாது!” செய்தி லாரிக்கு லாரி தாவிற்று. வரிசை முழுவதும் அடங்கியது. அந்தச் சந்தில் அலையோசை கேட்கும் என்பதை அக்காவே அன்றுதான் அறிந்தார்.

“நைனா, ஒரே ஒரு தபா அடி” என்றார் அக்கா.

“சேச்சே! எங்களுக்கு மரியாத தெரியாதாக்கா?”

“நேத்து எங்க போச்சு அந்த மரியாத?”

“நேத்து நீ மைக்கு வெக்கலியே.”

“தெனம் கேக்காமயே அடிப்ப. கெஞ்சி கேட்டா அடிக்க மாட்டன்ற. செம பேஜாருப்பா நீ.”

ஓட்டுநரின் முகம் சற்று வாடியது. “காலைலேர்ந்து நிக்கிறோம்க்கா. ஒண்ணுக்குப் போவ ஒரு எடம் கீதா இங்க? ஹார்பர் கேட்ட தொறந்து வுட மாட்டானான்னு அடிக்கிறோம். ஆசைக்கா அடிக்கிறோம்?”

அந்தப் பேச்சு மட்டும் பதிவாயிற்று. கருவியை நிறுத்திப் பையில் வைத்தேன். வரிசை ஒரே மூச்சில் அலறியது. வெளியே எடுத்தேன், அடங்கியது. மறைத்து வைத்துப் பதிவு செய்யலாம்தான். ஆனால், ஒருவர் அறியாமல் அவரைப் பதிவு செய்வதில்லை என்பது எங்கள் வானொலியின் விதி. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே நான்.

மாடிக்குத் திரும்பியபின்தான் என் கோப்பு நினைவுக்கு வந்தது. ஆப்பக்கடைப் பதிவிலிருந்து நான் எடுத்த ஹாரன்கள் எல்லாம் அதில் வரிசை பிசகாமல் இருந்தன. ஒட்டிப் பார்த்தேன்: நான்கு நிமிடம் வந்தது.

அந்த வார நிகழ்ச்சி அந்த நான்கு நிமிடங்களோடு தொடங்கியது. பிறகு அக்கா, பிறகு ஓட்டுநர். கேட்கும்படி அதிகாரிக்கு அக்கா முன்பே சொல்லியிருந்தார். ஒலிபரப்பின் நடுவிலேயே அதிகாரி அழைத்தார்.

“என்னம்மா இது? நாலு நிமிஷம் கேட்டதுக்கே தலைவலி வந்துடுச்சு!”

நேயர் அழைப்பு அப்படியே ஒலிபரப்பாகும் என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தோம்; அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்று நிலையத்துக்கு வந்து என் அருகில் அமர்ந்திருந்த அக்கா ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தைலம் தேச்சிக்கோ சார். எம்பொண்ணும் அதான் தேச்சிகினு படிக்கிது.”

அடுத்த திங்களன்று சந்து முனையில் ஒரு காவலர் நிறுத்தப்பட்டார். ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை இன்னும் வரவில்லை; அவர்களுக்காக இரண்டாவது நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், ஆறிலிருந்து ஒன்பதுவரை லாரி எதுவும் அங்கே நிற்பதில்லை. நிற்க முனையும் ஒவ்வொரு லாரியையும் காவலர் விசிலடித்து விரட்டுகிறார். மூன்று மணி நேரமும் விசில்.

கவலையோடு அக்கா வீட்டுக்குப் போய் விசாரித்தேன். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் சொன்னாள்: “லாரிக்கு மூச்சே வாங்காதுக்கா. இவருக்கு வாங்குதில்ல? அந்த கேப்புல ஒரு கணக்கு போட்டுர்றேன்.”

வாசலில் அக்கா தட்டில் ஆப்பம் வைத்துக் காவலரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை அது நான்காவது ஆப்பமாம்.

“வாயில ஆப்பம் இருந்தா விசிலு எங்கேர்ந்து வரும்?” என்று என்னிடம் குனிந்து சொல்லிவிட்டு, காவலர் பக்கம் திரும்பினார். “மெதுவா மென்னு துன்னு சார். அவசரமே இல்ல.”